ஆயுள் வடிகட்டி

மனிதர்கள் வடிகட்டியை மாற்றமாட்டார்கள். இந்த ஒரே வாக்கியத்தின் மேல்தான் அம்பலவாணன் தன் பெயரையும் புகழையும் கட்டியிருந்தார். ஓசூர் தொழிற்பேட்டையில் அவர் தலைமை வடிவமைப்பாளராக இருந்த எரிபொருள் வடிகட்டி நிறுவனமும் அதே வாக்கியத்தின் மேல்தான் நான்கு மாடி எழும்பி நின்றது.

மேடை கிடைத்த இடத்திலெல்லாம் அதையே முதல் வரியாகச் சொல்வார். பிறகு உதாரணங்கள் வரும். ஆயுத பூஜையன்று காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு, காசியிலிருந்து வந்த தீர்த்தத்தை எரிபொருள் தொட்டிக்குள் ஒரு சொம்பு ஊற்றிய ஜவுளிக்கடைக்காரர். காகித வடிகட்டியைக் கழற்றி எண்ணெயில் அலசி, துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்து, மறுபடியும் பொருத்திக்கொண்ட பேராசிரியர். வடிகட்டி இருப்பதால்தான் வண்டியில் 'பிக்கப்' இல்லை என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு ரப்பர் குழாயைச் செருகிக்கொண்ட டாக்டர். சபை சிரிக்கும். யாரோ மூன்று முட்டாள்களைப் பற்றிக் கேட்கிறோம் என்று நினைத்துச் சிரிக்கிற அந்தச் சிரிப்பைக் கேட்கக் கேட்க, அவருக்கு அவர்கள்மேல் இன்னும் கொஞ்சம் இளப்பம் கூடும். இவர்களில் எத்தனை பேருக்குத் தன் வண்டியில் வடிகட்டி எங்கே இருக்கிறது என்று தெரியும்?

ஆனால் விளக்கத் தொடங்கிவிட்டால் ஆள் வேறு. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து விசிறி மாதிரி மடித்துக் காட்டுவார். இவ்வளவு பெரிய தாள் இவ்வளவு சின்ன டப்பாவுக்குள் அடங்கிவிட்டது, பார்த்தீர்களா? எண்ணெய் இந்த மடிப்புகளுக்குள் நுழைந்து, தாளின் நார்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து அந்தப் பக்கம் போகிறது. அழுக்கால் அப்படி நெளிய முடியாது, மாட்டிக்கொள்கிறது. ஏன் இவ்வளவு பாடு? இஞ்சினுக்குள் எண்ணெயைப் பீய்ச்சும் ஊசியின் துளை தலைமுடி அளவுதான். அதற்குள் நகரும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியோ, அந்த முடியையே முப்பதாகப் பிளந்தால் வரும் ஒரு கீற்று. அங்கே ஒரு துகள் போய் உட்கார்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மாதிரி. ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் துரு. வடிகட்டி என்பது வாசலில் நிற்கும் காவலாள். எல்லோரையும் உள்ளே விட்டுவிட்டுத் திருடனை மட்டும் பிடிக்கத் தெரிந்த காவலாள். இப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கனிவு தெரியும். அந்தக் கனிவு டப்பாவுக்குத்தான், கேட்பவர்களுக்கு அல்ல.

பூமிக்கடியில் இருந்த எண்ணெய் தீர்ந்து, வண்டிகளெல்லாம் பாசி எண்ணெயில் ஓடத் தொடங்கி ஒரு தலைமுறை ஆகியிருந்தது. வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளங்களாக இருந்த பாத்திகளில் இப்போது பச்சைப் பாசி வளர்ந்தது. அள்ளிப் பிழிந்தால் எண்ணெய். நல்ல எண்ணெய்தான். ஆனால் எவ்வளவு தெளிய வைத்தாலும் செத்த பாசியின் தோல் துணுக்குகள் அதில் மிதந்துகொண்டேயிருக்கும், ஈரமும் கூடவே வரும். அதனால் காகித வடிகட்டி ஆறு மாதத்தில் அடைத்துக்கொள்ளும். மாற்ற வேண்டும். மாற்றமாட்டார்கள். அடைத்த வடிகட்டியோடு மேட்டில் ஏற முடியாமல் முக்கி முனகி நிற்கும் வண்டிகளைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய்த்தான் அம்பலவாணன் ஆயுள் வடிகட்டியைக் கண்டுபிடித்தார்.

அதில் காகிதம் கிடையாது. மெல்லிய கம்பி வலையின்மேல் ஒரு பூஞ்சையைப் படர விட்டிருந்தார். எண்ணெயைத் தொடாது, அதில் மிதக்கும் பாசித்தோலைத் தின்னும், ஈரத்தைக் குடிக்கும். அடைக்கவே அடைக்காது. ஒரு தடவை மாட்டினால் வண்டி உள்ளவரை அதுவும் இருக்கும். மூச்சு விட மட்டும் டப்பாவின் மேல்புறத்தில் ஒரு சிறு துளை. மக்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஒன்றுமே செய்யாமல் இருப்பது. அதை அவர்கள் நன்றாகவே செய்வார்கள் என்று விளம்பரத்துக்கு எழுதிக் கொடுத்தார். நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ரங்கமன்னார் அந்த வரியை நாசூக்காக நீக்கிவிட்டார்.

மூன்று ஆண்டுகளில் ஆறு லட்சம் கார்களில் அது ஏறிவிட்டது. அடுத்தது மாநிலத்தின் அத்தனை பள்ளிப் பேருந்துகளும். ஓசூரில் பத்துப் பேருந்துகளில் மாட்டி எட்டு மாதம் வெள்ளோட்டம் முடிந்தது. திறந்து பார்த்த இஞ்சின்கள் புத்தம்புதிதாக இருந்தன. சென்னையில் நிபுணர் குழு கூடி உத்தரவு போடுவது ஒன்றுதான் பாக்கி. அந்த நேரத்தில்தான் அவருடைய ஆய்வகத்திலிருந்தே ஒரு ஆட்சேபம் குழுவுக்குப் போயிருந்தது. அனுப்பியவர் ரெஜினா மேரி.

ரெஜினா பழைய வடிகட்டிகளை அறுத்துப் பார்க்கும் பிரிவின் பொறுப்பாளர். உயிரியல் படித்துவிட்டு வந்தவர். ஓடி முடித்த வடிகட்டியை வட்டமாக அறுத்து, உள்ளே இருப்பதை மேசைமேல் விரித்து, எதைப் பிடித்திருக்கிறது, எதை விட்டிருக்கிறது என்று படிப்பது அவர் வேலை. அம்பலவாணன் அவரைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. தானே இறங்கிப் போனார். கோபமாக இருக்கும்போது ஒருவரைத் தன் அறைக்கு வரவழைத்து நாற்காலி கொடுப்பது அவருக்குப் பிடிக்காது.

ரெஜினா தராசில் ஒரு டப்பாவை வைத்திருந்தார். எட்டு மாதம் பேருந்தில் ஓடியது. பக்கத்தில் இன்னொன்று, பெட்டியே பிரிக்காதது. இரண்டும் ஒரே எடை.

"அதுதானே அதோட பெருமை," என்றார் அம்பலவாணன்.

"அதான் சார் எனக்கு இடிக்குது. இவ்வளவு எண்ணெய் இது வழியா போயிருக்கு. அதுல இருந்த அழுக்கு ரெண்டு கை அள்ளுற அளவு இருக்கும். காகிதமா இருந்தா இந்நேரம் கல்லு மாதிரி கனத்திருக்கும். இது கனக்கல. அப்போ அந்த அழுக்கு எங்க?"

"தின்னுடுச்சு."

"தின்னது எங்க போச்சு?"

அவர் பொறுமையாகவே விளக்கினார். விளக்குவதில் அவர் என்றுமே சலித்ததில்லை. தின்றது காற்றாகவும் ஈரமாகவும் மாறி மூச்சுத்துளை வழியே வெளியேறுகிறது. நாம் சோறு தின்று மூச்சு விடுவது போலத்தான். ரெஜினா முழுதும் கேட்டுவிட்டு, நாமும் மூச்சை மட்டும் விடுவதில்லையே சார் என்றார். பூஞ்சை வளர்ந்தால் வித்துத் தூள் விடும். இது வித்தே விடாத இனம் என்று அவர் சொல்ல, ஆய்வகத்துக் குளிர் அறையில் விடாது, இஞ்சின் சூட்டில் மாதக்கணக்கில் வெந்தால் விடாது என்று யார் பார்த்தது என்று ரெஜினா கேட்டார். பிறகு மூச்சுத்துளையின் விளிம்பை ஒரு வெள்ளைத்துணியால் துடைத்துக் காட்டினார். துணியில் மங்கலாக ஒரு பழுப்புப் பச்சை.

"ரோட்டுத் தூசி," என்றார் அம்பலவாணன்.

ரெஜினாவின் கணவர் சவரிமுத்து அந்தப் பத்துப் பேருந்துகளில் ஒன்றை ஓட்டுகிறவர். நம் ஊர்ப் பேருந்துகளில் இஞ்சின் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே, ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். மூச்சுத்துளைக்கும் அவர் மூக்குக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. மாதாகோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவருக்கு மூன்று மாதமாகப் பேச்சே காற்றாகத்தான் வருகிறது. தொண்டைக்குள் ஏதோ படர்ந்திருக்கிறது என்றும், அதே வண்டியை ஓட்டினால் குரல் திரும்பாது என்றும் மருத்துவர் சொல்லிவிட்டார். வண்டியை மாற்றிக் கேட்டால் வேலையை விட்டுப் போகச் சொல்கிறார்கள். பத்து ஓட்டுநர்களில் ஒன்பது பேருக்கு இதே கதை. ஓட்டுநருக்குப் பின்வரிசையில் உட்காரும் சின்னப் பிள்ளைகளையும் காரில் போகிறவர்களையும் யாரும் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

அம்பலவாணனுக்கு ஓட்டுநர்களைப் பற்றி ஒரு கருத்து உண்டு. எல்லோரைப் பற்றியும் ஒரு கருத்து உண்டு. "நாள் பூரா பீடி, இல்லைன்னா ஹாரனுக்கு மேல கத்தல். தொண்டை போகாம என்ன செய்யும்?"

"என் வீட்டுக்காரர் பீடி தொட்டதில்ல சார்."

"சரி, நான் ஒண்ணு சொல்றேன். என் வீட்டு வண்டியில மூணு வருஷமா இதே ஃபில்டர். என் கையால மாட்டினது. என் மனைவி தினமும் சூளகிரி போய் வர்றாங்க, ஜன்னலைக்கூட மூடமாட்டாங்க. ஒரு செருமல் கிடையாது. இதுக்கு என்ன சொல்றீங்க?"

ரெஜினா கொஞ்சம் யோசித்தார். தராசிலிருந்து டப்பாவை எடுத்து ஓரமாக வைத்தார்.

"அந்த ஃபில்டரைக் கொண்டு வாங்க சார். வெட்டிப் பாக்கலாம். அதுலயும் தூள் வந்திருந்து, மேடமும் நல்லா இருந்தாங்கன்னா, நான் சொல்றது தப்பு. ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிட்டு வேலையையும் விட்டுட்டுப் போயிடறேன். அவரையும் அதே வண்டியை ஓட்டச் சொல்றேன்."

சரி என்று சொல்லிவிட்டு அவர் படியேறினார். இந்தப் பெண் தன் கணவனின் குரலைப் பணயம் வைத்துவிட்டாளே என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு மாதிரியை நம்பி முடிவெடுக்கத் தயாராகிவிட்டாளே, இதெல்லாம் ஒரு விஞ்ஞான மூளையா என்றுதான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள், அவர் வீட்டு வாசலில் காரின் பானெட்டைத் திறந்தார்.

அவருடைய மனைவி மங்கையர்க்கரசி சூளகிரியில் சார்பதிவாளர். ஊரில் பாதி நிலம் யாருடையது என்று மனப்பாடமாகத் தெரிந்த அந்த அம்மாளுக்கு, கார் விஷயத்தில் ஒன்றும் தெரியாது என்பது அம்பலவாணனின் முடிவு. பானெட்டை 'மூடி' என்பார். ஹேண்ட்பிரேக்கை இறக்காமல் ஒருமுறை தெருமுனைவரை போயிருக்கிறார். இவ்வளவு போதும் ஒருவரைப் பற்றி முடிவுக்கு வர.

பானெட்டுக்குள் ஆயுள் வடிகட்டி இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாதாரணக் காகித வடிகட்டி இருந்தது. அதிலும், பெயர்பெற்ற கம்பெனியின் பெயரையே ஓர் எழுத்து மாற்றி அச்சடித்த போலி. அவர் குனிந்து அந்த அச்செழுத்தைத் தடவிப் பார்த்தார். தன் வீட்டில் வேறு யாரோ குடியிருப்பதைப் பார்த்தது மாதிரி இருந்தது.

"அரசி, இங்க வா."

அவர் வந்து பார்த்தார். மறைக்க முயலவில்லை. "அதுவா? நாந்தான் மாத்தினேன்."

"எப்போ?"

"நீங்க அதை மாட்டின பத்தாம் நாளே. ஒரே வாடைங்க அது. வெந்தயத்தை ஊறப்போட்டு மறந்துட்டா ஒரு வாடை வருமே, அது மாதிரி. தொண்டை வேற கமறிக்கிட்டே இருந்துச்சு. ஆபீஸ்ல ஒரு நாள் பத்திரத்தைப் படிச்சுக் காட்ட முடியல. டாக்ஸி ஸ்டாண்டு நாகப்பாகிட்ட சொன்னேன், கழட்டிட்டு இதைப் போட்டுக் குடுத்தாரு. போட்டதும் சரியாப் போச்சு. அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நானே மாத்திடறேன். ரெண்டு கிளிப்புதானே."

"நீயே?"

"நீங்க கான்ஃபரன்ஸ்ல பேசிக்கிட்டு இருப்பீங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உக்கார வச்சு விளக்குவீங்க. எனக்கு ஆபீசுக்கு நேரமாகும்."

அம்பலவாணனுக்கு முதலில் வந்தது கோபம்தான். அதுவும் போலி வாங்கியதற்கு. அசல் வாங்கக்கூடத் தெரியாதா என்று கேட்டார். நாகப்பாவிடம் அதுதான் இருந்தது, வண்டியும் ஓடுகிறது, உங்களுக்கே இத்தனை நாள் தெரியவில்லையே என்று அரசி பதில் சொன்னார். அவர் பேச்சை மாற்றினார். கழற்றியதை என்ன செய்தாய் என்று கேட்டார்.

அது மாடியில், தகரக் கூரை போட்ட சாமான் அறையில் இருந்தது. வாடை வெளியே வராமல் இருக்க, உள்ளே மிச்சமிருந்த எண்ணெயோடு அதை ஒரு பெரிய முறுக்கு டின்னில் போட்டு மூடி வைத்திருந்தார் அரசி. எறியாததற்குக் காரணம் கேட்டபோது, நீங்கள் செய்த சாமானாயிற்றே, குப்பையில் போட மனம் வரவில்லை என்றார்.

அவர் மூடியை நெம்பித் திறந்தார். டின்னின் உள்சுவர் முழுக்க, மூடியின் அடிப்புறம் முழுக்க, வெல்வெட்டு மாதிரி பழுப்புப் பச்சைத் தூள். தகரக் கூரையின் சூட்டில், ஒரு குவளை எண்ணெயை வைத்துக்கொண்டு அந்தப் பூஞ்சை இவ்வளவு பெற்றுப்போட்டிருந்தது. இங்கே ரோடு இல்லை. ரோட்டுத் தூசியும் இல்லை. காற்று லேசாக அசைந்ததும் தூள் எழுந்தது. அவர் தொண்டை கமறி, கண்ணில் நீர் வரும்வரை இருமினார். அரசி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் அவர் டின்னோடு ரங்கமன்னாரைப் போய்ப் பார்த்தார். ரங்கமன்னார் நல்ல உடையும் நல்ல பல்லும் உள்ளவர். டின்னைத் திறக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, மேசைமேல் இருந்த பேனாவை நேராக்கினார்.

"உங்க வீட்ல மூணு வருஷமா யாருக்கும் தொண்டைக் கோளாறு இல்லைங்கறது உண்மையா, பொய்யா?"

"உண்மை. ஆனா..."

"ஆனா எல்லாம் வேண்டாம் சார். குழு அந்தக் கேள்வியைத்தான் கேக்கும். நீங்க பொய் சொல்ல வேண்டாம். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காருங்க. ஆறு லட்சம் கார் ஓடுது. நாளைக்கே எல்லாத்தையும் கழட்டுன்னு சொன்னா இந்தக் கட்டடம் நிக்குமா? அடுத்த மாடல்ல அந்தத் துளையைக் கொஞ்சம் தள்ளி வச்சுடலாம்."

"எங்க தள்ளி?"

"வெளிப்பக்கமா. ரோட்டைப் பாத்து."

அம்பலவாணன் அவரையே பார்த்தார். ரோட்டில் நிற்பவர்களைப் பற்றி அவருக்குப் பெரிய அக்கறை ஏதும் அப்போதும் எழவில்லை; அதை மறைக்க வேண்டியதில்லை. சோதனைக்கும் சாமர்த்தியமான பதிலுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவனிடம் இத்தனை வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறோமே என்ற அருவருப்புதான் எழுந்தது. ஆனாலும் டின்னை எடுத்துக்கொண்டு பேசாமல்தான் வந்தார். ஆயுள் வடிகட்டி அவர் பெற்ற பிள்ளை. ஒரே ஒரு வார்த்தை. அதுவும் உண்மையான வார்த்தை.

சென்னையில் குழு கூடிய அறையில் குளிர்சாதனம் பலமாக ஓடியது. தலைவர் மெஹருன்னிசா, ஓய்வுபெற்ற பேராசிரியை. அவருக்கு இருபுறமும் மூன்று மூன்று பேர். ஒருவர் போன்வழியாக யாரிடமோ சாப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஆயுள் வடிகட்டியைக் கையில் வாங்கி, தலைகீழாகப் பிடித்து, ரொம்ப லேசாக இருக்கிறதே என்று பாராட்டினார். கடைசி நாற்காலியில் ரெஜினா. அவருக்குப் பின்னால், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு சவரிமுத்து. ரெஜினா அவரைப் பேசவைத்தார். பெயரையும் ஊரையும் சொல்லவே அவர் மூன்று முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. சாப்பாடு சொன்னவர், மைக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பேசுங்கள் என்றார்.

பிறகு தலைவர் அம்பலவாணன் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டு வண்டியிலயே மூணு வருஷமா இதைப் பயன்படுத்தறதா நிறுவனம் சொல்லியிருக்கு. உங்க குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி தொண்டைப் பிரச்சினை உண்டா?"

"இல்லை," என்றார் அம்பலவாணன்.

ரங்கமன்னார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ரெஜினா தலை குனிந்துகொண்டார். குழுவில் இரண்டு பேர் தலையை ஆட்டியபடி குறித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். ஒருவரும் அடுத்த கேள்வி கேட்கவில்லை. அந்த வடிகட்டி எங்கே என்று கேட்கவில்லை, யாராவது அறுத்துப் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. ஒரே ஒரு கார், ஒரே ஒரு 'இல்லை'. இதை வைத்துக்கொண்டு ஒரு மாநிலத்துப் பிள்ளைகளை முழுக்க வண்டியேற்றத் தயாராகிவிட்டார்கள். அம்பலவாணன் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேடையில் மூன்று முட்டாள்களைப் பற்றிச் சொல்லும்போது சிரிக்குமே, அதே சபை. இந்த ஆட்கள் தன்னைப் பாராட்டிக் கையெழுத்துப் போட்டால், வாழ்நாள் முழுக்க அந்தக் கையெழுத்தைத் தாங்கிக்கொண்டு திரிய வேண்டும். 

உட்காரப் போனவர் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஞாயிறன்றே அந்தப் போலி வடிகட்டியை வட்டமாக அறுத்து வைத்திருந்தார். மடிப்புகளைப் பிடித்து இழுத்து, புடவையை விரிப்பதுபோல மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரித்தார். காகிதம் முழுக்கப் பச்சைச் சேறு படிந்து கறுத்திருந்தது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகாததுக்குக் காரணம் இதுதான். என் கார்ல இருந்தது காகிதம். என் மனைவி என்னுடையதைப் பத்து நாள்ல கழட்டிப் போட்டுட்டாங்க, தொண்டை கமறுதுன்னு. என் சோதனை செல்லாது. செல்லாதுன்னு இல்லை, சோதனையே கிடையாது. நீங்க யாராவது கேட்டிருக்கணும்."

அப்புறம் டின்னையும் எடுத்தார். எல்லோரும் மூக்கை மூடிக்கொண்டால் நல்லது என்று சொல்லிவிட்டுத் திறந்தார். சாப்பாடு சொன்னவர் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார். அம்பலவாணன் விளக்கினார். வலை, பூஞ்சை, சூடு, வித்து, மூச்சுத்துளை, ஒன்றையும் விடவில்லை. அடைத்துக்கொள்கிற வடிகட்டி தன் வேலையைச் செய்கிறது. அடைக்காத வடிகட்டி, பிடித்ததை வேறு யாரிடமோ கொடுத்துக்கொண்டிருக்கிறது. இஞ்சினுக்குள் போகாத அழுக்கு எங்கேயோ போய்த்தான் ஆக வேண்டும். காகிதத்தில் அது காகிதத்திலேயே இருக்கிறது. இதில், என்று சொல்லி சவரிமுத்துவைக் காட்டினார். ஒரு மாதிரிப் பொருளைக் காட்டுவது போலத்தான் காட்டினார்.

மெஹருன்னிசா விரித்த காகிதத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது வேலை செய்யுதே. அப்புறம் எதுக்கு அதைச் செஞ்சீங்க?"

"இதை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும். ஜனங்க மாத்தமாட்டாங்க."

"அது எப்படித் தெரியும் உங்களுக்கு?"

அவர் வாயைத் திறந்தார். இருபது ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி நாக்கில் பழகியிருந்த பதில்தான். ஜவுளிக்கடைக்காரர். பேராசிரியர். டாக்டர். நாலாவதாக யார் என்று தேடினார். நாலாவதாக நினைவுக்கு வந்தது அரசிதான், கையில் இரண்டு கிளிப்போடு.

"மூணு பேர்," என்றார்.

"மூணு ஆயிரமா?"

"இல்லை. மூணு பேர்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும்.

பத்துப் பேருந்துகளிலிருந்தும் ஆயுள் வடிகட்டியை உடனே கழற்றச் சொல்லிக் குழு உத்தரவு போட்டது. பள்ளிப் பேருந்துகளுக்கு அனுமதி இல்லை. ஆறு லட்சம் கார்களைப் பற்றி ஆராய இன்னொரு குழு அமைக்கப்படும் என்றும் சொன்னது. அந்தக் குழுவில் சாப்பாடு சொன்னவரும் இருப்பார். ரங்கமன்னார் லிஃப்டில் இறங்கும்போதே அம்பலவாணனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார். தரைத்தளம் வருவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது.

வாசலில் ரெஜினா காத்திருந்தார். சவரிமுத்து கையெடுத்துக் கும்பிட்டு, உதட்டை மட்டும் அசைத்தார். அம்பலவாணனுக்கு எரிச்சலாக வந்தது.

"நன்றி எல்லாம் வேண்டாம். உங்களுக்காக ஒண்ணும் செய்யல. உங்க சோதனையும் ஒண்ணும் ஒழுங்கில்லை ரெஜினா. பத்துல ஒன்பது பேருக்கு வந்துச்சுங்கறீங்க. பத்தாவது ஆளுக்கு ஏன் வரலைன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"ஏன்?"

"ஃபில்டரைக் கழட்டிட்டு ரப்பர் குழாய் சொருகிட்டாரு சார். பிக்கப் இல்லையாம்."

அம்பலவாணன் ஆட்டோவில் ஏறினார்.

அடுத்த ஞாயிறு அரசி புதிய வடிகட்டி ஒன்றை வாங்கி வந்திருந்தார், இம்முறை அசல். எழுபது தரக்கட்டுப்பாட்டு விதிகளை எழுதிய தானிருக்க, நாகப்பா எதற்கு, நீ எதற்கு என்று அம்பலவாணன் தானே சட்டைக் கையை மடித்துக்கொண்டார். அரசி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அம்பலவாணன் முதல் கிளிப்பை நெம்பியதும், குழாயில் அழுத்தத்தோடு நின்ற எண்ணெய் பீறிட்டு அவர் மார்பெல்லாம் நனைத்தது. இஞ்சினை அணைத்த கையோடு கழற்றக்கூடாது, அழுத்தம் இறங்கக் கொஞ்ச நேரம் விட வேண்டும் என்பது அவர் எழுதிய விதிதான். அரசி துணியைக் கொடுத்தார். அவர் துடைத்துக்கொண்டு புதியதைப் பொருத்தி, இரண்டு கிளிப்பையும் மாட்டி, நிமிர்ந்தார்.

"அம்புக்குறி," என்றார் அரசி.

அவர் குனிந்து பார்த்தார். எண்ணெய் ஓடும் திசையைக் காட்ட டப்பாவின்மேல் அம்புக்குறி போட்டே ஆக வேண்டும் என்று வாதாடி வாங்கியவர் அவர். அது இஞ்சினைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இத்தனை வருஷத்துல காகித ஃபில்டர் மாத்தறது இதான் முதல் தடவையா?"

அவர் மறுபடி குனிந்தார். கழற்றித் திருப்பி மாட்டினார். அரசி கையை நீட்டி, ஒரு கிளிப்பைக் கொஞ்சம் தள்ளிச் சரிசெய்துவிட்டு, மூடியை இறக்கினார். தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். ஹேண்ட்பிரேக்கை மறக்காமல் இறக்கினார்.

அறுத்த போலிக்குப் பதிலாக அரசி போன வாரம் மாட்டிய தற்காலிக வடிகட்டி, நாகப்பாவின் டாக்ஸி ஸ்டாண்டில் யாரோ பாதி ஓட்டிவிட்டுக் கழற்றிப் போட்டது, அம்பலவாணன் கையில் இருந்தது. பசை ஒட்டு மட்டம். மடிப்பு ஒரே அளவில் இல்லை. கேவலமான வேலை. உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். புதியதைவிட நன்றாகவே கனத்தது.